துண்டுக்குள்ள விரல்

வா கண்ணு, வந்து உக்காரு. அந்தக் கயித்துக் கட்டல்ல வேண்டாம், ஒரு கால் ஆட்டங் கண்டு போச்சு. திண்ணையிலயே உக்காரு. மோரு குடிக்கிறயா? வேண்டாமா? ராத்திரி முச்சூடும் தூங்காத கண்ணோட, போனைக் கவுத்துப் புடிச்சிட்டு, சித்திரை வெயில்ல வந்து மோரு வேண்டாங்கறவன் ஒண்ணு பொண்ணு விசயமா வந்திருக்கோணும், இல்லாட்டிக் காசு விசயமா வந்திருக்கோணும். பொண்ணு விசயம்னா உன்ற அம்மாயிகிட்டல்ல போயிருப்ப. அப்பக் காசுதான்.

சொல்லு. சீமையில இருந்து ஆரோ தனியாச் செய்தி போட்டிருக்கானா? 'உன்ற எழுத்தப் பாத்தேன், சொக்கிப் போயிட்டேன், ஊருக்கெல்லாம் சொல்லாம உனக்கு மட்டும் ஒரு வேலை வெச்சிருக்கேன்'னா? அடேங்கப்பா. இது வரைக்கும் எத்தனை எழுதிக் குடுத்திருக்க? மூணா? மூணு கட்டுரைக்கே சொக்கிட்டானா! நாப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்தவன்டா நானு. 'உங்க மாட்டப் பாத்ததுமே சொக்கிட்டேனுங்க'ன்னு வந்தவன் ஒருத்தன்கூட முழு வெலை குடுத்ததில்ல. மொகத்தச் சுளிச்சுக்கிட்டு, 'கொம்பு கோணலா இருக்குதே, வாலு கட்டையா இருக்குதே'ம்பான் பாரு, அவன்தான் வாங்க வந்தவன். வாங்கப் போற மாட்டுலதான் கண்ணு குத்தம் தெரியும்.

ஆமா, இதைக் கேக்க எங்கிட்ட எதுக்கு வந்த? உன்ற மாமன் மவ உள்ள ஆசாரத்துல அதே சந்தையிலதான் அஞ்சு வருசமாக் கடை போட்டிருக்கா. அவகிட்டக் கேக்கக் கூச்சமாக்கும். சரி சரி, காதைத் தடவாத, செவந்து கெடக்குது. எனக்குப் போன வருசம் கண்ணுல புரை எடுத்துப் போட்டு டிவி பாக்கக் கூடாதுன்னுட்டாங்கல்ல, அப்ப அவதான் தனக்கு வந்த செய்தியெல்லாம் சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டுவா. ஏழு மணி நாடகமெல்லாம் அதுகிட்டப் பிச்சை வாங்கோணும். அவ சொன்னதத்தான் உனக்குச் சொல்லப் போறேன். நடுவுல கொஞ்சம் தரகு எடுத்துக்குவேன், பழக்க தோசம்.

மொதல்ல நீ எந்தச் சந்தையில நிக்கறங்கறதத் தெரிஞ்சுக்க. அமெரிக்காவுல 1999ல ஈலான்ஸ்னு ஒண்ணு வந்துது, 2003ல ஓடெஸ்க்குன்னு இன்னொண்ணு. ரெண்டும் 2013 கடைசில சம்பந்தம் பண்ணிக்கிட்டு, 2015ல அப்வொர்க்குன்னு பேரு வெச்சுக்கிச்சு. ஃபைவர்ங்கறது இஸ்ரேல்ல 2010ல பொறந்தது. என்ன வேலைன்னாலும் அஞ்சு டாலர்னு ஆரம்பிச்சதுனால அந்தப் பேரு. நம்ம தேர்க்கடையில 'எதெடுத்தாலும் பத்து ரூவா'ன்னு துணிய விரிச்சுட்டு உக்காந்திருப்பானே, அந்தப் பாடுதான். சந்தைன்னா சுங்கம் இருக்கும். புளியம்பட்டிச் சந்தைக்கு வியாழக்கெழமை மாட்ட ஓட்டிட்டுப் போனாச் சுங்கச் சீட்டுக் கிழிக்காம உள்ள உடுவானா? ஃபைவர்ல நூத்துக்கு 20 எடுத்துக்கறான். அப்வொர்க்குல ஒரு காலத்துல சின்ன வேலைக்கு 20, பெருசாகப் பெருசாக 10, 5ன்னு இருந்துது. 2023 மே மாசம் எல்லாத்துக்கும் 10ன்னு ஒரே மட்டமா வெட்டினான். 2025 மேயில இருந்து புது வேலைக்கெல்லாம் ஒண்ணுமில்லாததுல ஆரம்பிச்சு 15 வரைக்கும், ஆளுக்கொண்ணு, வேலைக்கொண்ணு.

பாத்தயா, சுங்கங்கற பேச்ச எடுத்ததும் உன்ற மொகம் வேப்பங்கொழுந்து தின்ன மாதிரி போச்சு. செய்தி போட்டவன் அந்த மொகத்துக்குத்தான் தூண்டில் போட்டிருக்கான். படி, அடுத்த வரியப் படி.

'டியர், இங்க எதுக்குக் கமிஷன் கட்டி வீணாக்கறீங்க, வாட்சப்புக்கு வாங்க, நேராப் பணம் அனுப்பறேன்.' டியராமா டியர். உன்ற அப்பன் உங்கம்மாளையே அப்படிக் கூப்புட்டதில்ல.

மாட்டுச் சந்தையில வெலை பேசறத நீ கிட்ட நின்னு பாத்திருக்கயா? தோள்ல கெடக்கற துண்ட எடுத்து ரெண்டு பேரு கை மேலயும் போட்டுக்குவோம். அடியில அவன்ற விரலு என்ற கையில. ஒரு விரலப் புடிச்சா இவ்வளவு, நாலு விரலச் சேத்துப் புடிச்சா இவ்வளவுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பாக்கறவனுக்கு ரெண்டு கெழவனுக வானத்தப் பாத்து மழை வருமா வராதான்னு பேசிட்டு நிக்கற மாதிரி இருக்கும். துண்டுக்குள்ள விரல முறிக்கற அளவுக்குச் சண்டை நடக்கும். இந்தப் பிரைவேட் ரிக்வெஸ்ட்டுங்கறது அந்தத் துண்டுதான் கண்ணு. அதுல குத்தம் ஒண்ணுமில்ல. கூட்டத்துக்கு முன்னால கூவி ஏலம் போடப் புடிக்காத நல்ல ஆளுங்கூடத் தனியா வந்து கேப்பான். ஆனா துண்டுக்குள்ள வெலைதான் பேசுவோம். காசுன்னு வந்தாத் துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டுட்டு, நாலு பேரு பாக்க எண்ணி வாங்குவோம். துண்டுக்குள்ள காசு குடுக்கறேன்னு ஒருத்தன் சொன்னா, அவன் கையில காசு இல்லைன்னு அர்த்தம்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, மண்டையில அடிபட்டுத் தெரியும். எந்தச் சந்தைன்னு கேக்காத. வாங்கினவன் பேரையுங் கேக்காத; அவன்ற பேரன் இப்ப நமக்கு ஒறம்பரை. 1983ல ஒரு சோடி மயிலைக்காளை ஓட்டிட்டுப் போயிருந்தேன். சந்தை வாசலுக்கு முன்னாலயே ஒருத்தன் மறிச்சான். 'எதுக்குங்ணா உள்ள போயிச் சுங்கம் கட்டறீங்க, அந்தப் புளியமரத்துக்குப் பின்னால போயிப் பேசிக்கலாம், சுங்கக் காசுல ஆளுக்கொரு பிரியாணி தின்னுக்கலாம்'னான். அப்பெல்லாம் எனக்குப் பிரியாணின்னா உசுரு. 3,400 ரூவாய்க்கு முடிஞ்சுது. 2,000 கையில குடுத்தான். மிச்சம் அடுத்த வாரம், இதே மரத்தடில. அடுத்த வாரம் போனேன். மரம் இருந்துது. அதுக்கடுத்த வாரமும் மரம் இருந்துது. ஆறாவது வாரம் பொறுக்க மாட்டாமச் சந்தைக் குத்தகைக்காரர்கிட்டப் போயி மொறையிட்டேன். அந்த மனுசன் வெத்தலைய மென்னுக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு: 'சீட்டு எங்கீங்க?'

அந்தப் பிரியாணி என்ன வெலைன்னு கணக்குப் போட்டுப் பாத்துக்க. கறி வேகவுமில்ல.

அந்தச் சீட்டுக்குத்தான் இப்ப எஸ்க்ரோன்னு பேரு. நீ எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே வாங்கறவன் காசக் கொண்டாந்து சந்தைக்காரன் கையில கட்டிப்போடறான். அப்வொர்க்குல மைல்ஸ்டோன்னு போட்ட வேலைய நீ முடிச்சு அனுப்பி, அவன் 14 நாள் வாயே தொறக்காட்டிக்கூடக் காசு தானா உம்பக்கம் எறங்கிப் போகும். பொறவு ஒரு 5 நாள் ஆறப்போட்டுக் கையில குடுப்பான். ஃபைவர்ல 3 நாள் சத்தமில்லீன்னா வேலை முடிஞ்சதாக் கணக்கு, காசு கைக்கு வர மட்டும் புது ஆளுக்கு 14 நாளு. வாட்சப்புல பேசி முடிச்ச வேலைக்கு 14 நாள் ஆச்சுங்கன்னு ஆருகிட்டப் போயிச் சொல்லுவ? அந்தப் புளியமரத்துக்கிட்டயா?

அப்பறம் இன்னொண்ணு. இது உனக்கு நட்டம்கறது ஒரு பக்கம். சந்தைக்காரன் சட்டப்படியும் ஆகாது. ஒப்பந்தம் போடறதுக்கு முன்னால அப்வொர்க்குல போன் நம்பரே குடுக்கக் கூடாது. அங்க அறிமுகமான ஆளோட ரெண்டு வருசத்துக்கு வெளிய காசுப் பழக்கம் வெச்சுக்கக் கூடாது. வெச்சுத்தான் ஆகோணும்னாச் சந்தைக்காரனுக்கு ஒரு தொகை கட்டிப்போட்டு ராசாவாட்டம் ரெண்டு பேரும் வெளிய போலாம், அதுக்கும் வழி வெச்சிருக்கான். கட்டாமப் போயிச் சிக்கினா அவன் வேற பேர்ல வேற கடைக்குப் போயிருவான், உன்ற கடைக்குத்தான் பூட்டு. மூணு கட்டுரை எழுதிச் சேத்த நட்சத்திரமெல்லாம் அந்தப் பூட்டுக்குள்ள கெடக்கும்.

சுங்கம் எச்சாத்தான், நான் இல்லைங்கல. அதுக்கு மருந்து வெலையில இருக்குது, புளியமரத்தடில இல்ல. 20 சதவீதம் எடுக்கற எடத்துல உன்ற கைக்கு 100 வந்து நிக்கோணும்னா எவ்வளவு சொல்லோணும்? 120ஆ? நாசமாப் போச்சு. 120ல 24 போனா 96தான் நிக்கும். 125 சொல்லோணும்டா. எட்டாவது தாண்டாத எனக்குத் தெரியுது, பி.காம் படிச்ச உனக்குத் தெரியல. வார்த்தைக்கு இத்தனை பைசான்னு காசு குடுக்கறாங்களாமே, அந்தக் கணக்குல உன்ற அம்மாயி பேசின பேச்சுக்கு இந்நேரம் இந்த ஊரையே வாங்கியிருக்கலாம். எழுதித் தர ஆளில்லாமப் போச்சு.

சரி, ஆளு எப்படின்னு பல்லப் புடிச்சுப் பாத்தயா? மாட்டுக்கு ரெண்டு பல்லா, நாலு பல்லா, எட்டுப் பல்லும் சேந்துருச்சான்னு வாயத் தொறந்து பாத்தா வயசு தெரியும். வித்தவன் என்ன சத்தியம் பண்ணினாலும் பல்லு பொய் சொல்லாது. இவனுக்கும் பல்லு இருக்குது. அப்வொர்க்குல அவன் வேலை போட்ட எடத்துக்குப் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கும்: காசு கட்டற வழி சரி பாத்தாச்சா, எந்த வருசத்துல சந்தைக்கு வந்தான், மொத்தம் எவ்வளவு செலவு பண்ணியிருக்கான், போட்ட பத்து வேலையில எத்தனைக்கு ஆளு எடுத்தான், முன்னால எழுதிக் குடுத்தவங்க என்ன சொல்லியிருக்காங்க. காட்டு பாக்கலாம். நேத்துத்தான் வந்திருக்கான். செலவு பூச்சியம். பால்பல்லுகூட மொளைக்கல, அதுக்குள்ள டியர். புதுசா வந்தவனெல்லாம் திருடனில்ல, நீயும் புதுசுதான். ஆனா புதுசா வந்தவன் வாசல்லயே நின்னுக்கிட்டு வெளிய போலாம் வெளிய போலாம்னா, உள்ள வந்ததே எதுக்குன்னு கேக்கோணுமில்ல?

அடுத்தது படி. 'மொதல்ல மாதிரிக்கு ஒரு 1,000 வார்த்தை எழுதி அனுப்புங்க, புடிச்சா மாசம் 50 கட்டுரை, வேலை எச்சாங்கறதுனால ரேட்டப் பாதியாக் கொறைங்க.'

ஆகா. இதுக்காகத்தான் காத்திருந்தேன். கறந்து பாத்துட்டுக் கறவை வாங்கறது நியாயம். ரெண்டு நேரம் கட்டுத்தறிக்கே வந்து கறந்து பாப்பாங்க, நாங்களும் உடுவோம். ஆனா இவன் ஆருன்னாக் கண்ணு, ஊருல நாப்பது வீட்டுல அரைப்படி அரைப்படியாக் கறந்து பாத்துட்டு, ஒரு மாடும் வாங்காம டீக்கடை நடத்தறவன். உன்ன மாதிரி நாப்பது பேருகிட்ட நாப்பது தலைப்புல மாதிரி வாங்கினா அவன்ற வெப்சைட்டு ரொம்பிப் போச்சு. அப்வொர்க்குல ஓசி மாதிரி கேக்கறதே சட்டப்படி தப்பு. முன்னால எழுதினதக் காட்டு, மூணுதான் இருக்குதுன்னா மூணையுங் காட்டு. அதுக்கு மேல உன்ற எழுத்தப் பாக்கோணும்னா 300 வார்த்தைக்கு ஒரு சின்ன வேலை, சின்னக் காசு, அதையும் சந்தைக்குள்ளயே கட்டச் சொல்லு. உன்ற மாமன் மவ அப்படித்தான் சொல்லுவா. பாதிப் பேரு அதோட காணாமப் போயிருவாங்க. மிச்சம் பாதிப் பேரு கிளையண்ட் ஆயிருவாங்க.

50 கட்டுரைக் கதை அதை விடப் பழசு. 'எனக்கு அம்பது மாடு வேணும், மொத மாட்ட மட்டும் பாதி வெலைக்குப் போடுங்க'ம்பான். போட்டதும் அந்த ஒத்தை மாட்ட ஓட்டிட்டுப் போனவன்தான், மிச்சம் நாப்பத்தி ஒம்பதுக்கு மேற்கால பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். நீ என்ன சொல்லோணும்? 'மொத அஞ்சும் முழு வெலை. ஆறாவதுல இருந்து கொறைச்சுக்கறேனுங்க.' கொறைக்கறது எப்பவும் பின்னால இருக்கோணும். முன்னால கொறைச்ச வெலை திரும்பி ஏறினத இந்தக் கண்ணு பாத்ததில்ல, அது புரை எடுத்த கண்ணுன்னாலும்.

இதெல்லாம் சில்லறை. தனியா வர்றதுல ஒரு தினுசு இருக்குது, அத நெனச்சாத்தான் எனக்கு வயித்தெரிச்சல். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு அவளுக்கு ஒருத்தன் போட்டிருந்தான். 'மேடம், ஒரு சின்னக் கட்டுரை. 80 பக்கம். எங்க புரொபசருக்குத் தெரியக் கூடாது.' 80 பக்கம் சின்னக் கட்டுரையாம்! காசு நல்ல காசு, வெலையில இழுக்கவே இல்ல. அவளுக்கு அந்த மாசம் கையில ஒண்ணுமில்ல, வாசப்படில உக்காந்து ரொம்ப நேரம் போனையே பாத்துக்கிட்டு இருந்தா. என்ன படிக்கறான்னு கேளுன்னேன். கேட்டா. மாட்டு டாக்டருக்குப் படிக்கறானாம்! அடக் கெரகத்த. நாளைக்கு அவன் வந்து நம்ம செனை மாட்டுக்கு ஊசி போடுவான், எந்த எடத்துல போடறதுன்னு உங்கிட்டப் போன் பண்ணிக் கேப்பான்னேன். அவ சிரிச்சுட்டா. பொறவு அவ எழுதின பதில்தான் பதில்: 'நீங்களே எழுதுங்க, எழுதி முடிச்சதும் இங்கிலீசு பிழையெல்லாம் நான் திருத்தித் தர்றேன், அதுக்கு இவ்வளவு.' சண்டையுமில்ல, புத்திமதியுமில்ல. ஆளு அதோட ஊரையே காலி பண்ணிட்டான்.

இதுக்குச் சட்டமே வந்திருக்குதாம். ஆஸ்திரேலியாவுல 2020ல, இங்கிலாந்துல 2022ல, மாணவனுக்குக் காசுக்கு எழுதிக் குடுக்கற தொழிலையே குத்தமாக்கிட்டாங்க. நம்ம நாட்டுல யுஜிசி 2018லயே காப்பியடிச்ச ஆராய்ச்சிக்கு விதி போட்டிருக்குது. சந்தைக்காரனுங்களும் சேத்துக்கறதில்ல, அதுனாலதான் இது எப்பவும் துண்டுக்குள்ளயே வருது. ஓட்டலுக்குப் போகாமலே 'சாம்பார் அமிர்தம்'னு அஞ்சு நட்சத்திரம் எழுதச் சொல்லறதும் இந்தச் சாதிதான். அமெரிக்காவுல 2024ல பொய் மதிப்புரைக்கு அபராதம் போடற விதி கொண்டாந்துட்டாங்க. நாம எழுதின சாம்பார நாமளே போயிக் குடிக்கற காலம் வரும், அத மறந்துராத.

சாட்ஜிபிடி வந்துது பாரு, 2022 நவம்பர்ல, அதுக்கப்பறம் ஒரு புதுத் தினுசு. 'எழுதியாச்சு மேடம், கொஞ்சம் மனுசன் எழுதின மாதிரி மாத்திக் குடுங்க, அதுனாலக் கால் வெலை.' செத்த மாட்டுக்கு லாடம் கட்டி நடக்க வெக்கச் சொல்லறான். லாடத்துக்குக் கால் வெலை குடுப்பானாம், நடக்க வெக்கறதுக்கு? முழுசாத் திரும்பி எழுதறதுக்கு ஆகற பொழுதுதான் அதுக்கும் ஆகுதுன்னு அவ சொல்லறா. முழு வெலைய வாங்கு, இல்ல கைய உட்ரு.

எதுக்குமே முன்னால காசு கட்டுன்னு சொல்லறவன்கிட்ட நின்னே பேசாத. பதிவுக் கட்டணம், டெபாசிட்டு, சாப்ட்வேர் காசு, எல்லாம் ஒரே குட்டையில ஊறுன மட்டைங்க. மாடு விக்கப் போறவன் வாங்கறவனுக்குக் காசு குடுத்த கதை எங்கயாச்சும் உண்டா? காசு வாங்கறதுக்கு ரகசிய நம்பர் போடச் சொன்னாலும் அதே. ஏமாந்துட்டா அழுதுட்டு உக்காராம சைபர் மோசடி நம்பர் 1930க்கு உடனே அடி.

என்ன, எல்லாரும் திருடன்ங்கற மாதிரிப் பேசறேன்னு பாக்கறயா? இல்ல கண்ணு. அவளுக்குச் சோறு போடறவனே தனியா வந்தவன்தான். ஆஸ்திரேலியாவுல நாய்க்குச் சோப்பு விக்கறான். மத்தவங்களுக்குக் காட்டாத வேலை, அவளுக்கு மட்டும் இன்வைட்டு. வேலை கேட்டு நாமளாப் போனாக் கனெக்ட்டுன்னு ஒண்ணுக்குக் காசு குடுக்கோணுமில்ல, அப்படிக் கூப்புட்டு வந்தா அந்தச் செலவுமில்ல. அவன்ற செய்திய எனக்கு அவ படிச்சுக் காட்டினது அப்படியே நெனப்புல இருக்குது: முடி சாஸ்தியான நாயக் குளுப்பாட்டறது எப்படி, 800 வார்த்தை, இன்ன தேதிக்கு வேணும், இவ்வளவு தருவேன், நாய் வளத்தியிருக்கீங்களா? அவ்வளவுதான். சொக்கிட்டேன்னு ஒரு வார்த்தை இல்ல. அவ நெசத்தச் சொன்னா: எங்கூட்டுல நாட்டு நாய்தானுங்க, தானே போயி வாய்க்கால்ல குளிச்சுக்கும்னு. அவன் விழுந்து விழுந்து சிரிச்சானாம். நாலு வருசமாச் சந்தைக்குள்ளயே காசு கட்டறான், ரெண்டு தடவை அவனாவே ரேட்ட ஏத்தினான். இத்தனைக்கும் மொதக் கட்டுரைய மூணு தடவை திருத்தச் சொல்லிக் கழுத்தறுத்தான். கொம்பு கோணல், வாலு கட்டைன்னு சொன்னவன்தான்.

உள்ளூர்க் கம்பெனிக்காரன் எவனாச்சும் சந்தைக்கே சம்பந்தமில்லாம உன்னத் தேடி வந்தாச் சுங்கப் பேச்சே இல்ல. ஆனா அங்க சீட்டு நீதான் எழுதிக்கோணும். என்ன வேலை, எத்தனை வார்த்தை, எத்தனை தடவை திருத்தித் தருவ, எந்தத் தேதில காசு, எல்லாத்தையும் ஒரு மெயிலாப் போட்டு 'சரி'ன்னு பதில் வாங்கு. பாதி அச்சாரம். உன்ற பெரிய மாமன் தறிக்கு உதிரிச் சாமான் செய்யறானில்ல, அவன் சொல்லுவான்: உத்யம்னு ஒரு பதிவு, அரசாங்கத்துல ஓசிக்கே பண்ணலாம். சிறுதொழில்னு அதுல பதிஞ்சிருந்தா, 2006ம் வருசத்துச் சட்டப்படி எவ்வளவு இழுத்தாலும் 45 நாளைக்குள்ள காசு தந்தாகோணும். தவறினா ரிசர்வ் பேங்கு வட்டி மாதிரி மூணு பங்கு, அதுவும் கூட்டு வட்டி. எழுதறவனுக்கு எதுக்குங்க அதெல்லாம்னு கேக்காத. நீயும் சேவைத் தொழில்தான். அக்கவுண்ட்ஸ்ல உக்காந்திருக்கறவருக்கு இந்தச் சட்டத்த மெயில்ல ரெண்டே வரி எழுதிப் போடு. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல, மேனேஜர் ஊருல இல்ல, எல்லாம் அன்னிக்கே சரியாப் போயிரும்.

பேரு போட மாட்டானாமா? போடாட்டிப் போவுது. கன்னுக்குட்டிய வித்துப் போட்டு, அது ஆர் ஊட்டுல எந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்குதுன்னு போயி நிக்கலாமா? ஆனா வித்தாச்சாங்கறதுல தெளிவா இரு. சந்தைக்குள்ள பொதுவாக் காசு வந்தாத்தான் எழுத்து அவனது. காசு வராத வரைக்கும் உன்னுது. வெளிய நம்ம 1957ம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் கெட்டி: எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் உரிமை மாறும். எத்தனை காலத்துக்குன்னு எழுதாம உட்டா 5 வருசந்தான், எந்த ஊருக்குன்னு எழுதாம உட்டா இந்தியாவுக்குள்ள மட்டுந்தான். இது முக்காவாசி வாங்கறவனுக்கே தெரியாது. தெரியாதவனுக்கு நீயாப் போயிச் சொல்லிக் குடுக்காத. ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிக்க, 'வேற ஆளு மாதிரி கேட்டா இதத் தனியாக் காட்டிக்கறேனுங்க'ன்னு. இல்லாட்டி நூறு கட்டுரை எழுதியும் காட்ட ஒண்ணுமில்லாமப் போயிரும். அவ ரெண்டு வருசம் அப்படித்தான் கெடந்தா.

ஆங், இன்னொரு கூத்து. வேலை முடிஞ்சதும் எல்லாரும் பாக்க அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டு, அப்வொர்க்குல உனக்குக் காட்டாமத் தனியா ஒரு மார்க்குப் போடுவான் வாங்கினவன், 'இவன இன்னொருத்தருக்குச் சொல்லுவீங்களா'ன்னு 0ல இருந்து 10 வரைக்கும். அதுவும் உன்ற கணக்குல ஏறும். மொகத்துக்கு நேரா 'பிரமாதம்'னுட்டு, துண்டுக்குள்ள சுண்டு விரல மட்டும் புடிக்கற ஆளுங்க உண்டு. கலியாண ஊட்டுல சாப்பாட்டப் பத்தி உன்ற அம்மாயி சொல்லற மாதிரி.

சரி, அவனுக்குப் பதிலு போடலாமா? போனக் குடு. வேண்டாம், நீயே தட்டு, எனக்கு விரலு பட்டா அது எங்கெங்கியோ போயிருது. நான் சொல்லறத இங்கிலீசுல மாத்திக்க, பி.காம் அதுக்காச்சும் ஆகட்டும். 'வணக்கமுங்க. வாட்சப்பு வேண்டாமுங்க, இங்கயே பேசிக்கலாம். முன்னால எழுதினது மூணு வெச்சிருக்கேன், பாருங்க. மொதல்ல 300 வார்த்தைக்கு ஒரு மைல்ஸ்டோன் போட்டீங்கன்னா, போட்டதுல இருந்து ரெண்டாம் நாள் வந்துரும். ரேட்டு இது.' ரேட்டப் போடு. எவ்வளவு போட்ட? அழிடா. சுங்கத்தையும் சேத்துப் போடச் சொன்னேனில்ல. மன்னிச்சுக்குங்கன்னு எதுக்கு எழுதியிருக்க? அவன் தலை மேலயா ஏறி நின்ன? அதையும் அழி. டியரும் வேண்டாம். ம், இப்ப அனுப்பு.

அனுப்பிட்டயா. உள்ள ஆருடா சிரிக்கறது? கேட்டுக்கிட்டுத்தான் இருந்தயாக்கும் இத்தனை நேரமும். தப்பு இருந்தாச் சொல்லாம உட்டுட்டாளே, அப்பச் சரியாத்தான் சொல்லியிருக்கேன். வா சாமி, வந்து இந்தப் பையனுக்கு மோரு குடு, எங்கிட்டத்தான் வேண்டான்னான்.

அதென்னடா, அங்க மூணு புள்ளி மேலயும் கீழயும் துள்ளுது? எழுதிட்டு இருக்கானா? நிறுத்திட்டான். மறுபடியும் துள்ளுது. விரல நகத்தறான்டா, துண்டுக்குள்ள விரல நகத்தறான். நீ ஒண்ணுந் தட்டாத. கைய எடு. மொகத்துல ஒண்ணையுங் காட்டாத, இப்படி எம்பக்கம் திரும்பி வானத்தப் பாரு. மேக்கால கொஞ்சம் கருக்குது. மழை வருமாட்ட இருக்குது, இல்ல?